குமாஸ்தாவின் நாற்காலி

நாற்காலிக்காக நடக்கும் சண்டைகளைப் பற்றி நாம் எழுதாத வாரமில்லை. யார் எந்த நாற்காலியில் ஏறினார், யார் இறங்கினார், யாரை யார் இறக்கினார் என்பதே அரசியல் என்று ஜனங்கள் எண்ணும்படி ஆகிவிட்டது. இன்று நாம் எடுத்துக் கொண்டிருக்கும் நாற்காலி வேறு. இதற்கு எவரும் போட்டியிடுவதில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் சர்க்கார் காரியாலயங்களில் காலை 10 மணி முதல் மாலை 5.45 மணி வரை கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறாரே, அவருடைய நாற்காலியைத்தான் சொல்லுகிறோம். இத்தனை அற்ப விஷயத்துக்கு இந்தப் பத்தி எதற்கு என்று கேட்கும் நண்பர்கள், சட்டம் இந்த நாற்காலியை எப்படி நடத்துகிறது என்பதைப் படித்த பிறகு தங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தாலூகாத் தலைநகரங்களாயிருந்த இவ்விரண்டு ஊர்களும் 1995-இல் பெரம்பலூர் ஜில்லா என்று தனியே வந்தன. 2001-இல் அரியலூர் தனி ஜில்லாவாயிற்று. 2002-இல் மறுபடியும் பெரம்பலூருடன் சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. இத்தனை கூடலிலும் பிரிவிலும் கச்சேரி மேஜைகளும் பீரோக்களும் எத்தனை தடவை லாரியேறி இறங்கியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். இதே காலத்தில்தான் இதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று ஆரவாரமில்லாமல் நடந்தது. பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்று, வருமானச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் காகிதத்தை விட்டுத் திரைக்குப் போயின. பத்திரப் பதிவு இலாகா 2018-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் முழுதும் இணைய வழிக்கு மாறியது. கிராமத்து அதிகாரியின் கையிலும் மடிக் கணினி வந்து விட்டது. சர்க்காரோடு இது நிற்கவில்லை. பாங்கி, ஆஸ்பத்திரி, ஜவுளிக் கடையின் பில் போடும் இடம், அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளின் எடைமேடை, வெங்காய மண்டி, ஜெராக்ஸ் கடை என்று எங்கே பார்த்தாலும் ஒரு திரையும் அதற்கு முன்னால் ஒரு மனிதரும் இருக்கிறார்கள். அந்த மனிதர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பதையும் காணலாம்.

யந்திரம் வாங்கும்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். அதன் வேகம் என்ன, ஞாபக சக்தி எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம், மின்சாரம் நின்றால் தாங்குவதற்கு யூ.பி.எஸ். உண்டா என்பதையெல்லாம் டெண்டர் ஷரத்துகளில் ஒன்று விடாமல் எழுதுகிறார்கள். அதை எந்த மேஜையின் மீது வைப்பது, அதன் முன் உட்காருகிறவர் எதன்மேல் உட்காருவது என்று எழுதுவதில்லை. இருக்கிற மேஜை போதும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது. ஸர்வர் வைத்திருக்கும் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு. உஷ்ணத்தில் யந்திரம் கெட்டுவிடும் அல்லவா? பெரம்பலூர் வெயிலில் மனிதர் கெடமாட்டார் என்பது இலாகாவின் சித்தாந்தம் போலும்.

முன்னே கர்ணம் எப்படி எழுதினார் என்பது நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். தரையில் பாய் விரித்து, சரிவான மூடியுள்ள கணக்குப் பெட்டியை முன்னால் வைத்து எழுதினார். 1980-ஆம் வருஷம் நவம்பர் மாதம் பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டபோது அந்தப் பெட்டியும் பரணுக்குப் போயிற்று. பரம்பரை உத்தியோகத்துக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை. அது ஒழிந்ததே நல்லது. ஆனால் அந்தப் பெட்டியின் சரிவில் ஓர் அறிவு இருந்தது. எழுதும் தளம் கண்ணை நோக்கிச் சாய்ந்திருந்ததால் கழுத்தை அதிகமாகக் குனிய வேண்டியதில்லை. தரையில் உட்கார்ந்தவர் கால் மரத்தால் மாற்றி மடக்குவார், சுவரில் சாய்வார், ஆள் வந்தால் எழுந்திருப்பார். அந்த முறையே சர்வ சுகம் என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்கெழுதியே கூன் விழுந்தவர்களை நமது கிராமங்கள் ஏராளமாகப் பார்த்திருக்கின்றன.

பிறகு வந்த டைப்ரைட்டரைக் கவனியுங்கள். தட்டெழுத்துப் பயிற்சிக் கூடத்தில் 'லோயர்', 'ஹையர்' படித்தவர்களை விசாரித்தால், ஆசிரியர் முதல் நாள் கற்றுக் கொடுத்தது எழுத்தையல்ல, உட்காரும் விதத்தைத்தான் என்பார்கள். முதுகு நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டு தொங்கக் கூடாது. தொங்கினால் ஸ்கேலால் ஓர் அடி விழும். அந்த யந்திரமே மனிதனுக்கு இடைவேளையும் கொடுத்தது. வரி முடிந்தால் கை நீட்டி வண்டியைத் தள்ள வேண்டும்; பக்கம் முடிந்தால் தாளை உருவி வேறு தாள் செருக வேண்டும்; கார்பன் வைக்க வேண்டும்; ரிப்பன் மாற்ற வேண்டும். தஸ்தாவேஜு வேண்டுமென்றால் எழுந்து ரிகார்டு அறைக்கு நடக்க வேண்டும். கம்ப்யூட்டர் இவையெல்லாவற்றையும் ஒரே விசையில் அடக்கி விட்டது. வேலை வேகமாக நடக்கிறது. ஆனால் நாள் முழுதும் அசைவது பத்து விரல்களும் இரண்டு கண்களும் மட்டுமே. பல இடங்களில் பத்து விரல்கள் கூட இல்லை. தட்டெழுத்துப் படிக்காமலே உத்தியோகத்துக்கு வந்தவர்கள் இரண்டு விரல்களால் ஜில்லா முழுதையும் தட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிறு விஷயத்தைச் சொல்லிச் செல்ல வேண்டும். தமிழ் எழுதுகிறவரின் விரலுக்குச் சிரமம் குறைய 1999-இலேயே நமது ராஜ்ய சர்க்கார் 'தமிழ் 99' என்ற விசைப் பலகையைத் தரமாக ஏற்றுக் கொண்டது. உயிரெழுத்துகள் இடது கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் வருகின்றன. ஆகவே இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. மிகுதியாக வரும் க, ப, ம, த, ந, ய ஆகியவை விரல்கள் இயல்பாகத் தங்கும் நடு வரிசையில் இருக்கின்றன. 'அம்மா' என்று எழுதப் பழைய தட்டெழுத்து முறையில் ஐந்து தட்டு வேண்டும். இதில் புள்ளி தானே விழுவதால் நான்கு போதும். ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு மிச்சமென்றால் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். இருந்தும் பழைய பலகையையும், இங்கிலீஷ் ஒலியைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையையும் விட்டு வராத காரியாலயங்களே அதிகம். தரத்தை அறிவிப்பதோடு நமது சர்க்கார்களின் உற்சாகம் தீர்ந்து விடுகிறது.

இந்த வேலையால் உடம்புக்கு என்ன நேர்கிறது? திரை மேஜையில் தாழ்ந்திருந்தால் கழுத்து குனிகிறது. தலையின் பாரம் முழுவதையும் பிடரியின் தசைகள் மணிக்கணக்காகத் தாங்குகின்றன. மேஜை உயரமாயிருந்தால் தோள்கள் தூக்கிக் கொண்டு நிற்கின்றன. நமது கச்சேரி மேஜைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம் உள்ளவை. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் அதற்கேற்ப நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்குகிறது. விளிம்பு தொடையை அழுத்தி இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. காலைத் தரையில் ஊன்ற நாற்காலியைத் தாழ்த்தினால் முழங்கை மேஜைக்குக் கீழே போகிறது. இரண்டில் எது வலி குறைவு என்று பார்த்து அவர் நாளைக் கழிக்கிறார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முன்னால் வளைகிறவருக்கு இடுப்பு வலி வருவதைச் சொல்ல வைத்தியர் வேண்டியதில்லை. கண்ணைப் பற்றி ஜனங்களிடம் ஒரு தவறான அச்சம் இருக்கிறது. திரையிலிருந்து ஏதோ கிரணம் வந்து பார்வையை அழித்துவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையில் நடப்பது வேறு. திரையை உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைகிறது, கண் வறள்கிறது, எரிகிறது. ஜன்னல் முதுகுக்குப் பின்னாலிருந்தால் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசுகிறது. நாற்பது வயதைக் கடந்தவர் தமக்குப் பொருந்தாத கண்ணாடியோடு மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். மறுபடியும் கழுத்துதான் அதற்கு அபராதம் செலுத்துகிறது. மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல் மரத்துப் போகும் நோய்க்கு விசைப் பலகைதான் காரணமா என்பதில் வைத்தியர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. கழுத்தும் தோளும் முதுகும் படும் பாட்டில் அத்தகைய சந்தேகத்துக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் சர்க்கார் ஊழியர் ஓய்வு பெறும் வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷச் சம்பளம் கூடியதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதே நாற்காலியில் இரண்டு வருஷம் கூடுதலாக உட்கார வேண்டியதைப் பற்றி எவரும் பேசவில்லை.

இனி, சட்டத்துக்கு வருவோம். உட்காரும் உரிமை என்ற சொல்லைத் தென்னாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள். நாள் முழுதும் கால் கடுக்க நின்று, சுவரில் சாய்ந்தாலும் சம்பளம் பிடிக்கப்பட்ட அவர்கள், ஸ்ரீமதி விஜி என்ற தையல்காரர் முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' என்னும் சங்கத்தின் மூலம் பல வருஷம் போராடினார்கள். 2018-இல் கேரள சர்க்கார் கடைச் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு இருக்கை வழங்கியது. நமது சட்டசபையில் 2021-ஆம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி அதே மாதிரி மசோதாவைக் கொண்டு வந்தவர், பெரம்பலூருக்கு அடுத்த திட்டக்குடித் தொகுதியின் பிரதிநிதியும் அப்போதைய தொழிலாளர் நல மந்திரியுமான ஸ்ரீ சி. வெ. கணேசன். 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு அதனால் சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். மனமாரப் பாராட்டத் தக்க திருத்தம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 4-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். மத்திய, ராஜ்ய சர்க்கார்களின் காரியாலயங்களுக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 1947-லேயே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே தாலூகாக் கச்சேரிக்கு எதிரே உள்ள துணிக்கடைக்காரர் தம்முடைய சிப்பந்திக்கு ஆசனம் போடாவிட்டால் குற்றவாளி. கச்சேரிக்குள்ளே அந்தச் சட்டம் நுழைய முடியாது. துணிக்கடையிலும் ஒரு முக்காலியைப் போட்டு விட்டால் சட்டம் திருப்தியடைந்து விடும் என்று முதலாளிகள் வியாக்கியானம் செய்கிறார்கள். 'தகுந்த' என்ற சொல்லுக்கு அளவு கூறும் விதியைக் கண்டிப்பாக அமுல் செய்யாத வரையில் அவர்களைத் தடுப்பது கஷ்டம். பில் போடும் பெண் எட்டு மணி நேரம் முதுகு சாய இடமில்லாத முக்காலியில் திரையைப் பார்த்துக் கொண்டிருந்தால் அவர் உட்காரும் உரிமையைப் பூரணமாக அனுபவித்து வருகிறார் என்று பொருள்!

2025-ஆம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்த 2020-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்பு, சுகாதார, வேலை நிலைமைகள் தொகுப்புச் சட்டம் இந்தக் குறையைத் தீர்த்ததா? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் உள்பட 13 சட்டங்களை விழுங்கி வந்த பெரிய சட்டம் அது. அதன் முதற் பிரிவிலேயே, மத்திய சர்க்கார் காரியாலயங்களுக்கும், ராஜ்ய சர்க்கார் காரியாலயங்களுக்கும், எந்த நாட்டுப் போர்க் கப்பலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று கண்டிருக்கிறது. வேப்பந்தட்டைத் தாலூகாக் கச்சேரிக்கும் போர்க் கப்பலுக்கும் உள்ள ஒற்றுமை இன்னதென்று சட்டத்தை எழுதியவர்கள்தான் விளக்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: சர்க்கார் காரியாலயங்களில் கண்டிராக்டர் மூலம் வைக்கப்பட்ட ஊழியர்களுக்குச் சட்டம் பொருந்தும். அவர்களுக்கு வேண்டிய வசதிகளைப் பிரதான முதலாளியான சர்க்காரே செய்து தர வேண்டும் என்று 53-வது பிரிவு சொல்லுகிறது. ஆனால் ஐம்பது பேருக்குக் குறைந்தால் அந்த அத்தியாயம் பொருந்தாது. இதன் பயன் என்னவென்றால், ஒரே மேஜைக்கு இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்யும் இருவரில், நிரந்தர ஊழியருக்கு இந்தச் சட்டத்தில் பாதுகாப்பே இல்லை. ஒப்பந்த ஊழியருக்கு, அவருடைய கண்டிராக்டரிடம் ஐம்பது பேர் இருந்தால் மட்டும் உண்டு. சரி, அவருக்காவது என்ன கிடைக்கிறது? காற்று, வெளிச்சம், குடிநீர் கிடைக்கும். இருக்கையைப் பற்றி 24-வது பிரிவு சொல்லுவது, நின்று கொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்பதே. நிற்கிறவருக்கு நாற்காலி உண்டு. உட்கார்ந்தே கிடக்கிறவருக்கு எப்படிப்பட்ட நாற்காலி என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

நோய் வந்த பிறகாவது நஷ்ட ஈடு உண்டா என்று பார்த்தால் அங்கும் கதவு அடைத்திருக்கிறது. 1923-ஆம் வருஷத்து நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழிலால் வரும் நோய்கள் வகுக்கப்பட்டிருந்தன. அது இப்போது 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. ஈயம், பாதரசம் இவற்றால் வரும் வியாதிகளுக்கு அதில் இடமுண்டு. எழுத்து வேலையால் தேயும் கழுத்துக்கும் கைக்கும் இடமில்லை. இது புது வியாதி, சட்டம் இன்னும் அறியவில்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. இத்தாலி தேசத்து வைத்தியர் ராமஸ்ஸினி 1713-இல் வெளியிட்ட தம் நூலின் இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களின் நோய்களுக்கென்று தனி அத்தியாயம் எழுதி, ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக் கொண்டிருப்பது, பிழை வராமலிருக்க மனம் படும் வேதனை ஆகிய மூன்றுமே காரணம் என்று கண்டார். முந்நூறு வருஷத்துக்குப் பிறகு அந்த மூன்றில் எதைத் திருத்த வேண்டும்? 1908-இல் பிரிட்டிஷ் சர்க்கார் தந்திக் குமாஸ்தாக்களின் கைப்பிடிப்பு நோயைத் தம் நாட்டு நஷ்ட ஈட்டு ஜாபிதாவில் சேர்த்தது. அதே 1908-இல் நமது நாட்டுத் தந்திக் குமாஸ்தாக்கள் புதிய வேலை நேர முறையை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து அதே ஆட்சி நமக்கென்று சட்டம் இயற்றியபோது அந்த நோய் கப்பலேறி வரவில்லை.  சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-இல் திருத்திய நோய்ப் பட்டியலில் தசை, மூட்டு நோய்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 1990-ஆம் வருஷம் மே மாதத்திலேயே திரை முன் வேலை செய்கிறவர்களுக்காகத் தனிக் கட்டளை பிறப்பித்தன. நாற்காலி உயரம் மாற்றத் தக்கதாக இருக்க வேண்டும். முதுகுப் பலகை சாயவும் உயரவும் வேண்டும். கேட்டவருக்கெல்லாம் கால் வைக்கும் பலகை தர வேண்டும். திரையும் விசைப் பலகையும் தனித் தனியாக நகர வேண்டும். இடையிடையே ஓய்வோ மாற்று வேலையோ வேண்டும். கண் பரிசோதனைக்கு ஊழியர் செலவழிக்கக் கூடாது. சர்க்கார் காரியாலயங்களுக்கும் அந்தக் கட்டளை பொருந்தும். அதைப் பின்பற்றி 1992-இல் பிரிட்டனும் விதிகள் வகுத்தது.

நமது நண்பர்களிடமிருந்தே வரக் கூடிய ஓர் ஆட்சேபத்துக்கு விடை சொல்ல வேண்டும். "பட்டா மாற்றத்துக்கு மூன்று மாதம் நடக்க வைக்கிறவர்கள் இந்தக் குமாஸ்தாக்கள். பருத்திக் காட்டில் குனிந்து நிமிரும் கூலிக்காரிக்கும் கல் குவாரித் தொழிலாளிக்கும் முதுகு இல்லையா? இவர்களுக்கு மட்டும் சொகுசு நாற்காலியா?" என்பது அந்த ஆட்சேபம். இதில் பாதி நியாயம் உண்டு. கூலிக்காரியின் முதுகைப் பற்றியும் எழுத வேண்டியது நமது கடமை. ஆனால் ஒருவருடைய வலியைக் காட்டி இன்னொருவருடைய வலியை மறுப்பது முதலாளிகள் கையாளும் பழைய தந்திரம். அதைப் பொதுஜன ஊழியர்கள் இரவல் வாங்க வேண்டியதில்லை. மேலும், மாலை நான்கு மணிக்குக் கண் எரிய, தோள் கடுக்க உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா சர்வே எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் அதற்காக ஆறு மாதம் நடப்பவர் குன்னம் தாலூகா விவசாயிதான். இ-சேவை மையத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அதிகாரமும் இல்லை, நிரந்தர உத்தியோகமும் இல்லை; குமாஸ்தாவின் மேல் நமக்குள்ள கோபத்தை அவர் நாற்காலியின் மேல் காட்டுவது என்ன நியாயம்? ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லுகிறோம். உள்ளே நாற்காலி போடும்போது வெளியே மனுக் கொடுக்கக் காத்து நிற்கும் ஜனங்களுக்கும் பெஞ்சு போட வேண்டும். உட்காரும் உரிமையைப் பற்றிய எந்தச் சட்டமும் அவர்களை நினைக்கவில்லை.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. பாதி வேலைக்குப் பணமே வேண்டாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி அதன் அடியில் பழைய கட்டுகளை வைக்கலாம்; அதற்குக் கச்சேரியில் பஞ்சமில்லை. இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவருக்கு மட்டும் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். திரை ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும்; ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேஜையைத் திருப்பிப் போட வேண்டும். பார்த்துத் தட்ட வேண்டிய காகிதத்தை மேஜையில் படுக்க வைக்காமல் திரைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கர்ணத்தின் சரிவுப் பலகை இங்கே மறுபடியும் உபயோகப்படும். மடிக் கணினியைச் சற்று உயர்த்தி வைத்து, தனியாக ஒரு விசைப் பலகையை இணைத்தால் கிராம அதிகாரியின் கழுத்துக்குப் பாதி விடுதலை. கால் தொங்குகிறவருக்கு ஒரு மரப் பலகை போதும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்க்க வேண்டும் என்று கண் வைத்தியர்கள் சொல்லுவதற்கும், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலடி நடப்பதற்கும் நிதி மந்திரியின் சம்மதம் தேவையில்லை. மேலதிகாரியின் சம்மதம்தான் தேவை. எழுந்து நிற்கும் குமாஸ்தாவைக் கண்டால் வேலை செய்யாதவர் என்று எண்ணும் அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள்.

பணம் வேண்டிய பாதி நாற்காலி. இதற்கு அன்னிய நாட்டு விலை உயர்ந்த சாமானைத் தேட வேண்டியதில்லை. ஆமதாபாத்திலுள்ள தேசிய டிசைன் நிறுவனம் இந்தியர்களின் உடல் அளவுகளை எடுத்து 1997-இல் புஸ்தகமாகவே வெளியிட்டிருக்கிறது. வெள்ளைக்காரர் முழங்காலுக்கு அளந்த நாற்காலியில் நமது பெண்கள் கால் தொங்க உட்கார வேண்டிய அவசியம் அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். சர்க்காரின் சொந்த ஸ்தாபனமான டான்சி 1965-லிருந்து நடந்து வருகிறது. இலாகாக்களுக்கு மேஜை நாற்காலி செய்து கொடுப்பது அதன் தொழில்களில் ஒன்று. அந்த அளவுகளைக் கொண்டு, உயரம் கூட்டிக் குறைக்கும் நாற்காலியும், விசைப் பலகைக்குத் தாழ்ந்த தட்டுள்ள மேஜையும் செய்யும்படி டான்சிக்கு உத்தரவிட எந்தச் சட்டமும் தடையாயில்லை. உட்காரும் இடத்தில் ரெக்ஸின் வேண்டாம். நமது சீதோஷ்ணத்தில் அது வேர்வைத் தொட்டி. பிரம்பு பின்னிய பழைய கச்சேரி நாற்காலியில் காற்றுப் புகுந்தது. கண்ணிழந்தவர்கள் பலருக்கு அதைப் பின்னும் வேலை ஜீவனமாகவும் இருந்தது.

சட்டத்தின் பக்கமும் செய்ய வேண்டியது அதிகமில்லை. புதிய தொகுப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, வேலை இடங்களுக்கான சுகாதாரத் தரங்களை அறிவிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. திரை வேலைக்கு ஒரு தரத்தை அதன் கீழ் அறிவித்தால் பாங்கியும் ஆஸ்பத்திரியும் தனியார் கம்பெனியும் கட்டுப்படும். ராஜ்ய சர்க்கார் தன் காரியாலயங்களைப் பொறுத்த வரையில் ஓர் அரசாணை போட்டால் போதும். தன் சட்டத்திலிருந்து தன்னையே விலக்கிக் கொண்டவர்கள் தாமாக ஏற்றுக் கொள்வதை யாரும் தடுக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் அதே எண்ணிக்கையில் நாற்காலியும் சேர வேண்டும். ஆள் அனுப்பும் கண்டிராக்டரோடு எழுதும் உடன்படிக்கையில், ஐம்பது பேர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும், இந்த வசதி உண்டு என்ற ஷரத்து சேர வேண்டும்.

ஊழியர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-ஆம் வருஷம் டிசம்பரில் கிராம நிர்வாக அதிகாரிகள் ராஜ்யம் முழுதும் வேலை நிறுத்தம் செய்தபோது, காரியாலயத்துக்குக் கம்ப்யூட்டரும் இணைய வசதியும் கழிப்பறையும் கேட்டார்கள், நியாயமான கோரிக்கைகள். சம்பளம், இடமாற்றம், பென்ஷன் என்று நீளும் மற்றச் சங்கங்களின் ஜாபிதாவிலும் முதுகெலும்பு ஏறுவது அரிது. வலியைத் தனி மனிதரின் பலவீனமாக எண்ணி, மாலையில் தைலம் தடவிக் கொண்டு, மறுநாள் காலை அதே நாற்காலிக்கு வருவது நமது ஊழியர்களின் வழக்கமாகி விட்டது. கோழிக்கோட்டுப் பெண்கள் அப்படி எண்ணியிருந்தால் 22-ஏ பிரிவே வந்திராது.

ராஜ்யம் முழுதுக்கும் ஒரே சமயத்தில் முடியாது என்று இலாகா சொல்லுமானால் நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என்று இந்த ஜில்லாவில் தாலூகாக்கள் நான்குதான். நான்கு கச்சேரிகளிலும் அவற்றின் இ-சேவை மையங்களிலும் முதலில் செய்து பார்த்து, ஒரு வருஷம் கழித்து மருத்துவ லீவு எத்தனை நாள் குறைந்தது, பட்டாவில் திருத்த மனுக்கள் எத்தனை குறைந்தன என்று கணக்கெடுக்கலாம். எத்தனை நாற்காலி வேண்டும் என்ற ஜாபிதாவை ஒரு குமாஸ்தா அரை நாளில் தட்டிக் கொடுத்து விடுவார்.